பியானோ அறையிலிருந்து பிட் வரை: ஓபரா நடத்துநர் உருவாகும் வழி

இசை நடத்துநர் என்றதும் மனத்தில் வருவது, அரங்குக்கு முதுகு காட்டி நின்று வெள்ளைக் கோலை வீசும் ஒருவர். அவர் எங்கே தொழில் கற்றார் என்று தேடிப் போனால், பெரும்பாலும் ஓர் ஓபரா இல்லத்தின் பயிற்சி அறையில் போய் நிற்போம். அங்கே ஒரு பியானோ, ஒரு பாடகர், பென்சில் குறிகள் நிறைந்த ஒரு புத்தகம். சிம்பனி மேடையில் பெயர் வாங்கிய பலரும் அந்த அறையிலிருந்து வந்தவர்கள்தான். அந்தப் பாதைதான் இன்றும் மிக உறுதியானது என்பது என் எண்ணம். இந்தப் பதிவு அதைப் பற்றியது.

அந்த அறையில் பியானோ வாசிப்பவரை ஜெர்மன் இல்லங்களில் கொரெபெட்டிட்டோர் என்பார்கள். பாடகர் தன் பாத்திரத்தைக் கற்கும்போது முழு ஆர்கெஸ்ட்ராவின் இடத்தில் இவர் ஒருவரே இருப்பார். மற்றப் பாத்திரங்களின் வரிகளையும் இவரே பாடிக்கொண்டு வாசிக்க வேண்டும். குரல் அழகாக இருக்க வேண்டியதில்லை. சரியான சொல், சரியான இடத்தில், சரியான சுருதியில் விழுந்தால் போதும். பாடகர் எங்கே மூச்சு எடுக்கிறார், எந்த உயிரெழுத்தில் சுருதி இறங்குகிறது, எந்த மெய்யெழுத்தை இழுத்துத் தாளத்தைப் பின்தள்ளுகிறார் என்பதெல்லாம் வாசித்துக்கொண்டே காதில் பிடிக்க வேண்டியவை.

நல்ல பியானோ கலைஞர்கள் இங்கே முதலில் செய்யும் தவறு, அச்சிலிருக்கும் எல்லாச் சுரங்களையும் வாசிப்பது. வோக்கல் ஸ்கோர் என்பது முழு ஆர்கெஸ்ட்ராவை இரண்டு கைக்குள் சுருக்கிய புத்தகம். அதில் பாதி, பத்து விரலுக்கு வசதியாக எழுதப்பட்டதே அல்ல. பாஸ் வரியும் தாளமும் பாடகர் காதால் பிடித்துக்கொள்ளும் மெட்டும் இருந்தால் போதும், வயலின்களின் நடுக்கச் சுரங்களை விட்டுவிடலாம். எதை விடுவது என்று தெரிய வேண்டுமானால், எல்லா வாத்தியங்களின் வரிகளும் அடங்கிய முழு ஸ்கோரைப் படித்திருக்க வேண்டும். அங்கேதான் நடத்துநர் வேலை தொடங்குகிறது.

இந்தப் பணிக்கான தேர்வில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் பகுதிகள் சில உண்டு. மோட்ஸார்ட்டின் ஃபிகரோ இரண்டாம் அங்கத்தின் இறுதிப் பகுதி, பிஸேயின் கார்மனில் வரும் ஐவர் பாட்டு, பூச்சினியின் லா போயெம் இரண்டாம் அங்கத் தொடக்கம், ஸ்ட்ராஸின் சலோமேயில் ஐந்து யூதர்கள் வாதிடும் இடம். ஒவ்வொன்றும் ஒரு பலவீனத்தைத் தேடிப் பிடிக்கும். ஃபிகரோ இறுதிப் பகுதி 900 பார்களை, அதாவது கோடு போட்டுப் பிரித்த தாள அளவுகளை, தாண்டும். இருவர் பாட்டாகத் தொடங்கி எழுவரில் முடியும், நடுவே வேகம் பலமுறை மாறும். ஒரு வேகத்திலிருந்து அடுத்த வேகத்துக்கு எந்த விகிதத்தில் போகிறோம் என்று முன்பே முடிவு செய்யாதவர் நடுவழியில் மாட்டிக்கொள்வார். தொடக்கத்தைச் சற்று வேகமாக எடுத்துவிட்டால், கடைசிப் பாய்ச்சலுக்கு மேலே ஏற இடமிருக்காது.

முழு ஸ்கோரைப் படிப்பதில் முதல் தடை, எழுதியிருக்கும் சுரமும் ஒலிக்கும் சுரமும் வேறாக இருப்பது. பி ஃப்ளாட் கிளாரினெட் எழுதியதற்கு ஒரு முழுச் சுரம் கீழே ஒலிக்கும். ஏ கிளாரினெட் மூன்று அரைச் சுரம் கீழே, எஃப் ஹார்ன் ஏழு அரைச் சுரம் கீழே. டபுள் பாஸ் ஒரு ஸ்தாயி கீழே, பிக்கோலோ ஒரு ஸ்தாயி மேலே. வாக்னரின் லோஹென்கிரினில் ஹார்ன்களின் சுருதிக் குறிப்பு சில பார்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். ஹார்ன் கலைஞர் ஒத்திகையில் நிறுத்தி, 'எனக்கு இங்கே என்ன சுரம் ஒலிக்க வேண்டும்?' என்று கேட்டால் அந்த நொடியே பதில் சொல்ல வேண்டும். அங்கே தடுமாறும் நடத்துநரை ஆர்கெஸ்ட்ரா அதன்பிறகு வேறு கண்ணோடுதான் பார்க்கும்.

படிக்கும் முறையில் என் பரிந்துரை இது. முதலில் இசையைத் தொடாமல் பாட்டு வரிகளைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து, ஸ்கோரிலேயே பென்சிலால் எழுதுங்கள். மொத்தப் பொருள் மட்டும் தெரிந்தால் போதாது. 'இல்லை' என்ற சொல் எந்தச் சுரத்தில் விழுகிறது என்பதுவரை தெரிய வேண்டும். அடுத்து, பார்களைச் சொற்றொடர்களாகப் பிரியுங்கள். நான்கு, நான்கு என்று போய்க்கொண்டிருக்கும் இசை எங்கே ஐந்தாகிறது, எங்கே மூன்றாகச் சுருங்குகிறது என்று குறியுங்கள். ஆர்கெஸ்ட்ரா தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் அவையே. மூன்றாவதாக, நீண்ட ஓய்வுக்குப் பிறகு நுழையும் வாத்தியங்களைக் குறியுங்கள். அறுபது பார் சும்மா இருந்த ட்ரம்பெட் கலைஞருக்கு நுழையும் இடம் தெரியும்தான். இருந்தாலும் ஒரு பார்வை தேவை. ஒலிப்பதிவு கேட்பதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். முதலிலேயே கேட்டால் இன்னொருவரின் வேகம் கையில் ஒட்டிக்கொள்ளும், காரணம் தெரியாத வேகமாக அது தங்கிவிடும்.

இன்னொரு சின்ன விஷயம், பல மணி நேரத்தை விழுங்கக்கூடியது. நடத்துநரின் ஸ்கோர் ஒரு பதிப்பு, கலைஞர்களின் தாள்கள் வேறொரு பதிப்பு என்றால், ஒத்திகையில் இடம் குறிக்க அச்சிட்டிருக்கும் ஒத்திகை எழுத்துகளும் பார் எண்களும் பொருந்தாது. 'எல் என்ற எழுத்திலிருந்து' என்று சொன்னதும் பாதிப் பேர் வேறு பக்கத்தைத் திருப்புவார்கள். முதல் ஒத்திகைக்கு வெகு முன்பே நூலகரிடம் எந்தப் பதிப்பு என்று கேட்டு உறுதி செய்யுங்கள். வெட்டும் பகுதிகள், சுருதி மாற்றிய பாட்டுகள் ஆகியவற்றையும் அப்போதே சொல்லிவிடுங்கள். லா போயெமில் ரொடோல்ஃபோவின் முதல் அங்கப் பாட்டை அரைச் சுரம் இறக்கிப் பாடும் வழக்கம் உண்டு. அப்படியானால் அந்தப் பக்கங்களுக்கு மாற்றுத் தாள் வேண்டும். வில் எந்தத் திசையில் போக வேண்டும் என்ற குறிகளை முதல் வயலின் தலைவரான கான்சர்ட்மாஸ்டரோடு உட்கார்ந்து முடிவு செய்து, எல்லாத் தாள்களிலும் ஏற்றிய பிறகே ஒத்திகைக்கு வர வேண்டும். ஆர்கெஸ்ட்ரா ஒத்திகை இடைவேளை உட்பட இரண்டரை, மூன்று மணி நேரம்தான். அதில் இருபது நிமிடத்தை வில் குறி எழுதுவதில் கரைப்பது பெரும் வீண்.

இனி கைக்கு வருவோம். கோல் பொதுவாக 30 முதல் 40 சென்டிமீட்டர் நீளம், பிடி கார்க் அல்லது மரம். மேடைக்கு முன்னால் ஆர்கெஸ்ட்ரா உட்காரும் பள்ளம்தான் பிட். அந்த இருட்டில் தெரிய வேண்டும் என்பதால் வெள்ளை. கோலைவிட முக்கியம் அதன் நுனி எங்கே 'விழுகிறது' என்பது. பார்ப்பவருக்கு அந்தப் புள்ளி ஐயமில்லாமல் தெரிய வேண்டும். தோளிலிருந்து வீசினால் அழகாக இருக்கும், புள்ளி மங்கிவிடும்.

ஆர்கெஸ்ட்ரா பின்தொடர்வது விழும் அடியை அல்ல, அதற்கு முன் கை மேலே எழும் அசைவான அப்பீட்டை. அந்த ஓர் அசைவில் வேகம், உரப்பு, தன்மை மூன்றும் இருக்க வேண்டும். பேத்தோவனின் ஐந்தாம் சிம்பனியின் தொடக்கம் இதற்கு நல்ல சோதனை. இரண்டு கால் (2/4) அளவில் ஒரு பாருக்கு ஓர் அடி. பேத்தோவன் குறித்த வேகம் நிமிடத்துக்கு 108 பார். முதல் அடி விழும்போது யாரும் வாசிப்பதில்லை, அங்கே ஓர் ஓய்வு. அதற்குப் பிறகே மூன்று குறுஞ்சுரங்கள். நம் மொழியில் சொன்னால் அனாகத எடுப்பு. நடத்துநர் அப்பீட்டை மெதுவாகக் கொடுத்து அடியை வேகமாகப் போட்டால், ஒவ்வொரு கலைஞரும் அந்த ஓய்வைத் தனித்தனி நீளத்தில் அளப்பார்கள். விளைவு, மூன்று சுரத்துக்குப் பதில் சிதறிய ஒரு கூட்டம். தீர்வு எளிது, ஆனால் துணிச்சல் வேண்டும்: சரியான வேகத்தில் ஒரே ஓர் அப்பீட், அப்புறம் தயக்கமில்லாத அடி. பயத்தில் இரண்டு, மூன்று முன்னடி போடுபவர்கள் உண்டு. யாராவது ஒருவர் முந்திக்கொள்ளும் ஆபத்தை அது கூட்டவே செய்கிறது. சுரத்தை நீட்டி நிறுத்தச் சொல்லும் குறி ஃபெர்மாத்தா. இரண்டாவது ஃபெர்மாத்தா முதலாவதைவிட ஒரு பார் நீளமாக எழுதப்பட்டிருக்கிறது. இரண்டையும் ஒரே நீளத்தில் நிறுத்துபவர் ஸ்கோரைச் சரியாகப் பார்க்கவில்லை.

சிம்பனியில் கிடைக்காத பயிற்சி ஒன்று ஓபராவில் உண்டு. பாடகர் பேச்சுபோலப் பாடிக்கொண்டு போவார், ஆர்கெஸ்ட்ரா இடையிடையே ஓரிரு கார்ட் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டு) மட்டும் போட்டு நிற்கும். இதுதான் ஆர்கெஸ்ட்ராவோடு வரும் ரெசிடட்டிவ். இங்கே எல்லா அடியையும் ஒரே அளவில் போட்டால் நிச்சயம் யாரோ ஒருவர் தவறான இடத்தில் வாசித்துவிடுவார். வெற்று பார்களின் முதல் அடியை மட்டும் சின்னதாக, உயிரில்லாமல் காட்டிக் கடக்க வேண்டும். அவர்கள் பார் எண்ணிக்கொள்ள அது போதும். கார்ட் வரும் இடத்துக்கு முன் மட்டும் மூச்சோடு கூடிய அப்பீட். அந்த அப்பீட்டைப் பாடகரின் சொல்லின் கடைசி அசையோடு பொருத்த வேண்டும். சொல் முடிந்த பிறகு கையைத் தூக்கினால் கார்ட் தாமதமாகத்தான் வரும். அதனால்தான் மொழி தெரியாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது என்கிறேன்.

மோட்ஸார்ட்டின் டான் ஜொவான்னி முதல் அங்க இறுதியில் மேடையில் மூன்று சிறு ஆர்கெஸ்ட்ராக்கள் ஒரே நேரத்தில் மூன்று நடனங்களை வாசிக்கும். ஒன்று மூன்று கால் (3/4), இன்னொன்று இரண்டு கால் (2/4), மூன்றாவது மூன்று அரைக்கால் (3/8) அளவு. பார்க்கப் பயமாக இருக்கும். கணக்கைப் போட்டால் தெளிவாகும். இரண்டு கால் பார் மூன்று சேர்ந்தால் மூன்று கால் பார் இரண்டு. மூன்று அரைக்கால் பார் ஒன்று முழுவதும் மூன்று காலின் ஒரே அடிக்குள் அடங்கும், அதாவது அடி மாறாது, அதன் நடை திஸ்ரமாகும். நடத்துநர் மூன்று காலை மட்டும் தெளிவாக அடித்தால் போதும். மற்ற இரு குழுவுக்கும் உதவ முயன்று கையைக் குழப்பினால் மூன்றும் சரியும்.

பிட்டில் நிற்பவருக்கு இன்னொரு எதிரி, தூரம். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். மேடையின் பின்பகுதியில் 20 மீட்டர் தள்ளி நிற்கும் கோரஸின் (பாடகர் குழுவின்) குரல் நடத்துநரை அடைய 0.06 நொடி ஆகும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு கால்பாக அடியின் நீளம் 0.125 நொடி. ஆக, கோரஸ் கையைப் பார்த்துத் துல்லியமாகப் பாடினாலும் அதில் பாதி அளவு பின்தங்கியே கேட்கும். திரைக்குப் பின்னாலிருந்து பாடினால் இன்னும் மோசம். அதனால் அங்கே ஓர் உதவி நடத்துநர் நிற்பார். மானிட்டரில் பிட்டிலுள்ளவரின் கையைப் பார்த்து, அதற்குச் சற்று முன்னதாகத் தன் அடியைப் போடுவார். எவ்வளவு முன்னதாக என்பதை, அரங்கில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு உதவியாளர் கேட்டுச் சொல்ல வேண்டும். பிட்டிலிருந்து அதை எடைபோட முடியாது. மானிட்டரே படத்தைத் தாமதித்தால் இந்தக் கணக்கு முழுவதும் கெட்டுவிடும். புதிய திரை பொருத்தும்போது படத்தின் தெளிவைவிடத் தாமதத்தை முதலில் சோதிக்க வேண்டும்.

வாக்னரின் ஓபராக்களுக்கென்றே கட்டி 1876இல் திறந்த ஜெர்மனியின் பைராய்ட் அரங்கு இதன் உச்சம். பிட் மேடைக்கு அடியில் படிப்படியாக இறங்குகிறது, மேலே மூடி இருக்கிறது. பித்தளை வாத்தியங்களும் டிம்பனியும் ஆழத்தில். முதல் வயலின்கள் நடத்துநருக்கு வலப்புறம் உட்காருவது அங்கே வழக்கம். நடத்துநரின் காதில் ஆர்கெஸ்ட்ரா இடிபோல விழும், பாடகர் மங்கலாகக் கேட்பார். அரங்கில் இருப்பவருக்கோ இரண்டும் இதமாகக் கலந்து சேரும். தன் காதை நம்பி உரப்பைச் சரிசெய்யப் போனவர்கள் அங்கே தடுமாறுவார்கள். உதவியாளரின் சொல்லை நம்பக் கற்றவர்களுக்கே அந்த இடம் வசப்படும்.

புதிய தயாரிப்பு என்றால் பொதுவாக ஆறு வாரம் அளவு மேடை ஒத்திகை, எல்லாம் பியானோவோடு. ஆர்கெஸ்ட்ரா தனியே சில ஒத்திகை செய்யும். பிறகு பாடகர்கள் நடிக்காமல் உட்கார்ந்தும் நின்றும் ஆர்கெஸ்ட்ராவோடு முதன்முறை பாடும் சிட்ஸ்புரோபே. அதன்பின் மேடையும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்த ஒத்திகைகள், கடைசியில் பொது ஒத்திகை. சிட்ஸ்புரோபேயை வீணாக்காதீர்கள். பாடகர் காதால் ஆர்கெஸ்ட்ராவைக் கேட்க அதுதான் ஒரே நல்ல வாய்ப்பு. அடுத்த நாளே அவர் படியேறிக்கொண்டும் வாளைச் சுழற்றிக்கொண்டும் பாடுவார்.

ஆனால் இளம் நடத்துநருக்கு இந்த வரிசை எதுவும் கிடைக்காது. ஜெர்மன் இல்லங்களில் நாக்டிரிகாட் என்று ஒன்று உண்டு. வேறொருவர் தயார் செய்த தயாரிப்பைப் பின்னர் ஓர் இரவில், பெரும்பாலும் ஆர்கெஸ்ட்ரா ஒத்திகை இல்லாமல், எடுத்து நடத்துவது. அன்று மாலை செய்யக்கூடியது கொஞ்சம்தான். கான்சர்ட்மாஸ்டரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: எங்கே இரண்டாக அடிக்கிறார்கள், எங்கே நான்காக, எந்தப் பக்கம் வெட்டியிருக்கிறது? பாடகர்களை ஒப்பனை அறையில் பார்த்து, நீண்ட சுரங்களில் எவ்வளவு நிற்பார்கள் என்று பாடிக்காட்டச் சொல்லுங்கள். அந்த இரவில் உங்கள் சொந்த வேகக் கொள்கையை ஆர்கெஸ்ட்ராவுக்குப் புகுத்தப் பார்க்காதீர்கள். அவர்கள் கையில் ஏற்கெனவே ஓர் இசை இருக்கிறது. அதை முதலில் பத்திரமாக வெளியே கொண்டுவந்தால், இரண்டாம் அங்கத்தில் சில இடங்களை உங்கள் பக்கம் திருப்ப அவர்களே இடம் கொடுப்பார்கள்.

பாடகர் இரண்டு பார் தாண்டிக் குதித்துவிட்டால்? இந்தத் தொழிலில் எல்லோரும் பயப்படும் நொடி இது. முதலில் கையைச் சின்னதாக்குங்கள். பெரிதாக அடித்தால் குழப்பமும் பெரிதாகும். பாடகர்களுக்குச் சொல் எடுத்துக்கொடுக்கும் ப்ராம்ப்டர், தன் பெட்டியிலிருந்து சரியான சொல்லை எறிந்து பாடகரைத் திரும்ப இழுக்கப் பார்ப்பார். பெரும்பாலும் அது பலிக்கும். மற்றப் பாடகர்களும் அவரோடு குதித்துவிட்டால், இனி ஆர்கெஸ்ட்ராதான் குதிக்க வேண்டும். முன்வரிசைக்கு அடுத்த ஒத்திகை எழுத்தைக் குரலால் சொல்லி, அந்த இடத்தில் ஒரே ஒரு பெரிய, தெளிவான முதல் அடி. பழகிய ஓபரா ஆர்கெஸ்ட்ரா சொற்களைக் கேட்டே பாதி வழி தானாக வந்துவிடும். நடத்துநர் முகத்தில் பீதி தெரியாமல் இருந்தால் மீதி வழியும் வரும்.

இந்த ஏணியில் ஏறியவர்களின் பாதைகள் ஒன்றுபோலவே இருக்கும். கொரெபெட்டிட்டோர், அடுத்து நடத்தும் கடமையோடு கூடிய கொரெபெட்டிட்டோர், இல்லத்தின் இரண்டாம் நடத்துநரான இரண்டாம் கப்பெல்மைஸ்டர், முதல் கப்பெல்மைஸ்டர், பிறகு நகரத்தின் இசைத் தலைமையான கெனரால்மூசிக்டிரெக்டோர். இசையமைப்பாளரும் நடத்துநருமான மாலரின் பயணம் 1880இல் பாட் ஹாலில், இலகுவான ஓபராக்களான ஓபரெட்டாக்களோடு தொடங்கியது. லைபாக், ஓல்முட்ஸ், காஸல், ப்ராக், லைப்ஸிக், புடாபெஸ்ட், ஹாம்பர்க் என்று 17 ஆண்டு சுற்றி, 1897இல் வியன்னா அரசவை ஓபராவை அடைந்தார். கராயன் 1929இல் சிறிய உல்ம் இல்லத்தில் தொடங்கி, அங்கிருந்து ஆஹனுக்குப் போனார். தீலமான் 19 வயதில் பெர்லின் டாய்ச்ச ஓப்பரில் கொரெபெட்டிட்டோர், 1988இல் நூரம்பர்க்கின் இசைத் தலைவர். பப்பானோ இசைக்கல்லூரிப் பட்டம் இல்லாமல் ஒத்திகைப் பியானோவிலிருந்தே ஏறி, 2002 முதல் 2024 வரை லண்டன் ராயல் ஓபராவின் இசை இயக்குநராக இருந்தார். 1993இல் வியன்னா அரசு ஓபராவை நடத்திய முதல் பெண்ணான சிமோன் யங்கும் இதே வழியில் வந்தவர்.

வாய்ப்பு சொல்லிக்கொண்டு வராது. 1886 ஜூன் 30 அன்று ரியோ டி ஜெனிரோவில் வெர்டியின் ஐடா ஓபராவை நடத்த வேண்டியவர் இல்லாமல் போக, செல்லோ வரிசையில் உட்கார்ந்திருந்த 19 வயது தோஸ்கானினி எழுந்து வந்து ஸ்கோரைப் பார்க்காமல் நடத்தினார். அதைப் பலர் அதிர்ஷ்டக் கதையாகச் சொல்வார்கள். அந்தச் சுற்றுப்பயணத்தில் அவர் பாடகர்களுக்குப் பயிற்சியும் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதை விட்டுவிடுவார்கள். ஷோல்ட்டி புடாபெஸ்ட்டில் பல ஆண்டு ஒத்திகைப் பியானோ வாசித்து, ஒருவழியாக ஃபிகரோவை நடத்தக் கிடைத்த இரவு 1938 மார்ச் 11. ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கும் செய்தி வந்த இரவும் அதுவே. யூதரான அவர் சுவிட்சர்லாந்துக்குப் போக நேர்ந்தது. போருக்குப் பிறகு 1946இல் மியூனிக் ஓபராவில்தான் அவர் நடத்துநர் வாழ்க்கை உண்மையில் தொடங்கியது.

போட்டிகள் இன்னொரு வாசல். 1959இல் பெசான்சோனில் ஒஸாவா, 2004இல் பாம்பெர்க்கின் மாலர் போட்டியில் டுடமெல் வென்றார்கள். அந்த வாசல் வேகமானது. ஆனால் இருபது நிமிடத் துண்டுகளில் மின்னும் கை, மூன்றரை மணி நேர ஓபராவைத் தாங்கும் கை என்று சொல்லிவிட முடியாது. போட்டியில் வென்ற இளைஞர் ஒருவர் என்னிடம் வழி கேட்டால், ஒரு சிறிய இல்லத்தில் இரண்டு பருவம் பியானோ வாசித்துவிட்டு வாருங்கள் என்றே சொல்வேன்.

உடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபெலிக்ஸ் மோட்டில் 1911இல் மியூனிக்கில் வாக்னரின் ட்ரிஸ்டான் ஓபராவை நடத்தும்போது சரிந்து, சில நாளில் இறந்தார். யோசஃப் கைல்பெர்ட் 1968இல் அதே நகரில் அதே ஓபராவை நடத்தும்போதே இறந்தார். சினோபோலி 2001இல் பெர்லினில் ஐடாவின் மூன்றாம் அங்கத்தில் விழுந்தார். இந்த வேலை இதயத்தையும் தோளையும் காதையும் கேட்கிறது. ஸ்கோர் மேசையின் உயரம் இடுப்பளவு இருந்தால் முழங்கை தூக்கப்படாது. அதைவிட உயர்ந்தால் அடியும் உயரும், மூன்றாம் மணியில் தோள் இறுகும். வாக்னரின் கோட்டர்டாமரூங்கில் முன்னுரையோடு சேர்ந்த முதல் அங்கம் மட்டுமே ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அதன் முதல் அரை மணியில் மணிக்கட்டால் மட்டும் நடத்திப் பழகுங்கள். பெரிய கை கடைசி அங்கத்தின் இறுதிச் சடங்கு இசைக்கு வேண்டியிருக்கும். இடைவேளையில் சட்டையை மாற்றி, தண்ணீர் குடித்து, அடுத்த அங்கத்தின் முதல் நான்கு பாரை அதன் வேகத்திலேயே மனத்துக்குள் பாடிக்கொண்டு பிட்டுக்கு நடங்கள். முந்தைய அங்கம் முடிந்த வேகம் இன்னும் கால்களில் ஓடிக்கொண்டிருக்கும். அதை நடையிலேயே இறக்கிவிட வேண்டும்.